முதுகுப் பக்கம் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கல்யாண கவுன் வாங்கப் போறவங்களுக்காக கொஞ்சம் பேசணும்னு இங்க கூப்பிட்டாங்க, நான் முதல்ல கேட்டதே ஏங்க டிசைனர் யாரும் கிடைக்கலியான்னுதான். ஏன்னா நான் டிசைனர் இல்ல, விக்கிறவளும் இல்ல. ஒரு பிரைடல் பொட்டிக்ல உள் ரூம்ல உக்காந்து ஆல்டரேஷன் பண்றவ. முன்னாடி ஹால்ல பெரிய கண்ணாடி, சோபா, நல்ல லைட்டு எல்லாம் இருக்கும். அதுக்குப் பின்னாடி கதவைத் திறந்தா ஒரு தையல் மெஷின், ஸ்டீமர், குண்டூசி டப்பா, நான். கவுனை எடுக்குற அன்னைக்கு யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க, பணம் கட்டி மாசக்கணக்கா ஆனப்புறம்தான் என்கிட்ட வருவாங்க, அப்ப கேப்பாங்க பாருங்க ஒரு கேள்வி, "அக்கா, அன்னைக்கு போட்டுப் பாத்தப்போ இப்படி இல்லியே?"

அன்னைக்கு ஏன் அப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்.

கடையில தொங்குற கவுன் பெரும்பாலும் சாம்பிள்தான். ஒரு மாடலுக்கு ஒண்ணு, அதுவும் ஒரே சைஸ்ல. அந்த சைஸ்ல நீங்க இருக்குறது லாட்டரி அடிக்கிற மாதிரி. நீங்க ஒல்லியா இருந்தா, பின்னாடி நிக்கிற பொண்ணு முதுகுப் பக்கம் துணியை ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சு பெரிய ஸ்ப்ரிங் கிளிப்பா போட்டுக்கிட்டே போவா, கழுத்துக்கீழ ஒண்ணு, இடுப்புல ரெண்டு, கீழ ஒண்ணு. முன்னாடி கண்ணாடியில பாத்தா அச்சுல வாத்த மாதிரி இருக்கும். அந்த கவுனை அந்த நிமிஷம் அழகாக்குனது டிசைனர் இல்லங்க, அந்த நாலு கிளிப்பு. அதனால நான் சொல்ற முதல் விஷயம், கண்ணாடிக்கு முன்னாடி இருக்குற குட்டி மேடையில ஏறி நின்னதும் திரும்பி முதுகைப் பாருங்க. கைக்கண்ணாடி கேளுங்க, குடுப்பாங்க. எத்தனை கிளிப் இருக்கு, ஒவ்வொரு கிளிப்புக்குள்ளயும் எவ்வளவு துணி மடங்கியிருக்குன்னு பாருங்க, அவ்வளவும் பின்னாடி யாரோ ஒருத்தி பிரிச்சுத் தைக்க வேண்டிய வேலை.

சாம்பிளை விட நீங்க பெருசா இருந்தா கதை வேற. ஜிப் ஏறாது, முதுகு தெறந்தே இருக்கும், நடுவுல ஒரு துணித் துண்டை வெச்சு ரெண்டு பக்கமும் கிளிப் போடுவாங்க. ஒரு தடவை முன்னாடி ஆள் இல்லாததால நானே போய் அந்த துண்டை வெச்சேன், அந்தப் பொண்ணு கண்ணாடியில தன்னைப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருந்தா, நான் முகத்தை சுளிக்கிறேனான்னு. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் மறக்கல. அளவு பொருந்தாதது அந்த கவுனோட குறை, அவ குறை இல்ல, ஆனா அந்த ரூம்ல அப்படி தோணாது. அதனால அப்பாயின்ட்மெண்ட் போடும்போதே ஃபோன்ல கேட்டுருங்க, என் அளவு இது, இந்த அளவுல போட்டுப் பாக்குற மாதிரி எத்தனை சாம்பிள் இருக்குன்னு. ஒண்ணோ ரெண்டோதான்னு சொன்னா வேற கடை பாக்கலாம், அதுல என்ன இருக்கு.

சைஸ் நம்பர் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். கல்யாண கவுன்ல போடுற நம்பர் சாதா ட்ரெஸ் நம்பரோட ஒத்துப்போகாது, ஒண்ணு ரெண்டு நம்பர் கூடத்தான் வரும், அதைப் பாத்து கண் கலங்குனவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அளவு அட்டவணை இருக்கும், டேப் வெச்சு மார்பு, இடுப்பு, அதுக்குக் கீழ அகலமான இடம், மூணும் எடுத்து, மூணுல எது அட்டவணையில பெரிய சைஸுக்கு வருதோ அந்த சைஸை ஆர்டர் பண்ணணும். ஏன்னா பெருசை சின்னதாக்கலாம், சின்னதைப் பெருசாக்கணும்னா தையலுக்குள்ள விட்டிருக்குற துணி எவ்வளவோ அவ்வளவுதான். "கல்யாணத்துக்குள்ள இளைச்சிருவேன், ஒரு சைஸ் கம்மியா போடுங்க"ன்னு சொல்றவங்க உண்டு. சிலர் நெஜமாவே இளைக்கவும் செய்றாங்க. 1981ல இங்கிலாந்து இளவரசி டயானா கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித்தான், இளைச்சுக்கிட்டே போனதால கவுனை திரும்பத் திரும்ப புடிச்சுத் தைக்க வேண்டியிருந்துச்சு. ஆனா அவங்களுக்கு கவுன் தைச்சவங்களே கூட இருந்தாங்க, வேணும்கிறப்போ புடிச்சுக் குடுத்தாங்க. நமக்கு இருக்குறது பார்சல்ல வந்து இறங்குற ஒரு கவுனும் ரெண்டு மூணு ஃபிட்டிங்கும். இன்னைக்கு இருக்குற உடம்புக்கு ஆர்டர் குடுங்க.

டயானா கவுன்ல இன்னொரு விஷயமும் உண்டு. 25 அடி நீள ட்ரெயின், அதான் பின்னாடி தரையில இழுபடுற துணி, பட்டு டஃபெட்டாவுல. அதை மடக்கி குதிரை வண்டிக்குள்ள வெச்சு கூட்டிட்டுப் போனாங்க, இறங்கும்போது உலகமே பாத்துச்சு, பூரா சுருக்கம். துணின்னா அப்படித்தாங்க, அது குணத்தை அது காட்டும். டஃபெட்டா கசங்கும். சாட்டின்ல ஒவ்வொரு சுருக்கமும் வெளிச்சத்துல தெரியும், மெல்லிசு சாட்டின்னா ஊசி போன ஓட்டை கூட தெரியும், அதனால பிரிச்சுத் தைக்கும்போது எனக்கு மூச்சே நிக்கும். மிக்காடோன்னு ஒரு தடிச்ச துணி, அது கெட்டியா நிக்கும், வடிவம் குடுக்கும், உடம்போட ஒட்டாது. க்ரேப் இருக்கே, அது பாக்க ரொம்ப சிம்பிளா இருக்கும், ஒரு வேலைப்பாடும் இருக்காது, அதான் கஷ்டம், ஒளிச்சு வைக்க இடமே கிடையாது. லேஸ் வெச்சதுன்னா தையலை லேஸுக்கு அடியில தள்ளிவிட்டு சமாளிக்கலாம், மணி கோத்ததுன்னா தையல் வழியில இருக்குற ஒவ்வொரு மணியையும் கையால எடுத்து, புடிச்சுத் தைச்சிட்டு, திரும்ப ஒவ்வொண்ணா கோக்கணும். கடையில "சின்ன ஆல்டரேஷன்தான்"ன்னு சொல்லுவாங்க. சின்னதா இல்லியான்னு மணிகளை எண்ணிப் பாத்தா தெரியும். கவுன் விலையோட ஆல்டரேஷன் செலவு சேராது பெரும்பாலான இடத்துல, அது தனி பில்லு, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே தோராயமா எவ்வளவு ஆகும்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஆர்டர் போட்ட கவுனை நிறைய கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க, அந்த வரி பில்லுல எங்கயோ பொடி எழுத்துல இருக்கும், தேடிப் படிங்க.

கலர் பத்தி ஒரு வார்த்தை. வெள்ளைன்னாலே இதுதான் காலங்காலமான வழக்கம்னு நினைக்கிறோம், விக்டோரியா ராணி 1840ல வெள்ளைப் பட்டுல லேஸ் வெச்சு கட்டிக்கிட்ட கல்யாணத்துக்கு அப்புறம்தான் அது பரவ ஆரம்பிச்சுச்சு. அவங்களுக்கு முன்னாடி வெள்ளை போட்டவங்க இல்லாம இல்ல, ஆனா பெரும்பாலானவங்க கைவசம் இருக்குற நல்ல ட்ரெஸ் எந்த கலரோ அதையே போட்டுக்கிட்டாங்க. அந்த அம்மா அந்த லேஸை சும்மா பெட்டியில வைக்கல, பின்னாடி எத்தனையோ விசேஷத்துக்கு திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டாங்க, எனக்கு அவங்ககிட்ட புடிச்சதே அதுதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல துணிக்கு ரேஷன் இருந்தப்போ பாராசூட் துணியை வெட்டியே கல்யாண கவுன் தைச்சுக்கிட்டாங்க. எலிசபெத் ராணி கூட, அப்ப இளவரசிதான், 1947ல கவுனுக்கு ரேஷன் கூப்பன் குடுத்துத்தான் துணி வாங்கணும், ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் தங்களோட கூப்பனை தபால்ல அனுப்பி வெச்சாங்களாம், ஒருத்தர் கூப்பனை இன்னொருத்தர் பயன்படுத்துறது சட்டப்படி தப்புன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. எங்கயோ போயிட்டேன். கலர். சுத்த வெள்ளை, ஐவரி, ஷாம்பெயின்னு மூணையும் கடை லைட்டுல பாத்து முடிவு பண்ணாதீங்க. கவுனைத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட போங்க. மஞ்சள் லைட்டுல வெள்ளையா தெரிஞ்சது பகல் வெளிச்சத்துல பால்ல டீ கலந்த மாதிரி இருக்கலாம், உங்க முகத்துக்கு அதுதான் பொருத்தமாவும் இருக்கலாம்.

அப்புறம் கூட வர்றவங்க. மேடையில நிக்கிறது ஒருத்தி, சோபாவுல தீர்ப்பு சொல்ல எட்டு பேர். ஒருத்தருக்கு கழுத்து புடிக்கல, ஒருத்தருக்கு ட்ரெயின் பத்தல, அம்மா ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருப்பாங்க, அந்த ஒண்ணும் சொல்லாததுதான் இருக்குறதுலயே பெரிய சத்தம். உள்ள இருந்து கதவு இடுக்கு வழியா பாத்தாலே தெரியும், இந்தப் பொண்ணு இன்னைக்கு எதையும் எடுக்கப் போறதில்லன்னு. ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க போதும், ஒருத்தர் உங்களுக்கு புடிச்சவங்க, இன்னொருத்தர் வெளிப்படையா பேசுறவங்க. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா இன்னும் நல்லது.

போட்டுப் பாக்கும்போது சும்மா நிக்காதீங்க. எல்லாரும் நிக்கிறாங்க, கையை இடுப்புல வெச்சு நிக்கிறாங்க, போட்டோ எடுக்குறாங்க. கல்யாணத்தன்னைக்கு நீங்க நின்னுக்கிட்டேவா இருக்கப் போறீங்க? உக்காருங்க. உக்காந்தா மார்புப் பக்கம் மேல ஏறி தாடையை இடிக்குதா, வடிவம் நிக்கிறதுக்காக உள்ள வெச்சுத் தைச்ச குச்சி மாதிரி பட்டை, போன்னு சொல்லுவோம், அது இடுப்பு எலும்புல குத்துதா பாருங்க. ரெண்டு கையையும் தூக்கி யாரையாவது கட்டிப் புடிங்க. மூணு படி ஏறுங்க. பாத்ரூம் எப்படி போவீங்கன்னு யோசிங்க, சிரிக்காதீங்க, என்கிட்ட வர்ற பாதிப் பேர் கடைசி ஃபிட்டிங்லதான் அதை கேக்குறாங்க. தோள் பட்டை இல்லாத கவுன்னா இன்னும் ஒண்ணு. அது மார்புல நிக்குதுன்னு நினைச்சு அங்கயே இறுக்கச் சொல்லுவாங்க, தப்பு. அதைத் தாங்குறது இடுப்பு. கவுனுக்குள்ள இடுப்பு மட்டத்துல பெல்ட் மாதிரி ஒரு ரிப்பன் கொக்கியோட இருக்கணும், அதை முதல்ல மாட்டி அப்புறம்தான் ஜிப்பை ஏத்தணும், அப்ப மொத்த எடையும் இடுப்புல உக்காந்துரும், நாள் பூரா மேல இழுத்து இழுத்து விட வேண்டியதில்ல. உள்ள அது இல்லன்னா வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க, பெரிய வேலை இல்ல.

செருப்பு. இதைச் சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. ஒரு பொண்ணு ஃபிட்டிங்குக்கு தட்டையான செருப்போட வந்தா, இதான் போடப்போறேன்னு அடிச்சு சொன்னா, நானும் அந்த உயரத்துக்கே தரையில மண்டி போட்டு சுத்திச் சுத்தி ஊசி குத்தி, லைனிங், கேன்கேன், மேல நெட்டு ரெண்டு அடுக்குன்னு ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா வெட்டி ஓரம் அடிச்சேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து நின்னா, கால்ல 3 இஞ்ச் ஹீல்ஸ். கவுன் கணுக்கால் தெரிய ஆடுது. அவ மேலயும் கோவம், என் மேலயும் கோவம், ஒரு வார்த்தை எழுதி கையெழுத்து வாங்கியிருக்கலாம்ல நான். கடைசியில ட்ரெயின் ஓரத்துலேருந்து லேஸைப் பிரிச்சு முன்பக்கம் அடியில சுத்திவர வெச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கையால தைச்சேன். எல்லாரும் டிசைனே அதுதான்னு நினைச்சுக்கிட்டாங்க. எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். முதல் ஃபிட்டிங்குக்கே செருப்பும் உள்ளாடையும் எது போடப் போறீங்களோ அதோட வாங்க, அவ்வளவுதான்.

நேரத்தைப் பத்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆர்டர் குடுத்து தைச்சு வர்றதுக்கு 4 மாசம், 6 மாசம், சில கம்பெனிக்கு அதுக்கும் மேல. வந்தப்புறம் எனக்கு ரெண்டு மாசம் குடுங்க. அவ்வளவு நாள் இல்லன்னா சாம்பிளையே வாங்கிக்கிறதுல தப்பே இல்ல, விலை குறையும், ஆனா அது எத்தனையோ பேர் போட்டுக் கழட்டுனது, கழுத்துல மேக்கப் கறை, ஓரத்துல அழுக்கு, ஜிப் பக்கம் தையல் இழுத்திருக்கும், எல்லாத்தையும் பாத்து யார் சரி பண்ணித் தரணும்னு முதல்லயே பேசிருங்க.

கடைசியா ட்ரெயின். பின்னாடி தரையில இழுபடுற துணியை சடங்கு முடிஞ்சதும் தூக்கி மாட்டணும், இல்லன்னா ஆளாளுக்கு மிதிப்பாங்க. அதுக்கு பின்பக்கம் குட்டிக் குட்டி கொக்கியும் லூப்பும் வெச்சுத் தருவேன், பஸ்ஸல்னு சொல்லுவாங்க. ட்ரெயின் கனமா இருந்தா ஒரு கொக்கி தாங்காது, அஞ்சு ஏழுன்னு போகும். மாட்டப் போறவங்க யாரோ அவங்களை கடைசி ஃபிட்டிங்குக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன், லூப்புக்கு ஒரு கலர் நூல், அதுக்கு ஜோடிக் கொக்கிக்கு அதே கலர் நூல் கட்டி, நாலு தடவை மாட்டிக் கழட்டச் சொல்லுவேன். போன மாசம் ஒருத்தியோட தங்கச்சி வந்தா, ஃபோன்ல வீடியோவும் எடுத்துக்கிட்டு எல்லாம் தெரியும் அக்கான்னு போனா. கல்யாணத்தன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன். பின்னாடி ஒரே பாட்டு சத்தம், கூட்டம், அவ கத்துறா, "அக்கா, பச்சை நூல் ரெண்டு இருக்கு, எதை எதுல மாட்டுறது?" நான் சாப்பாட்டுத் தட்டை தள்ளி வெச்சிட்டு, இடது பக்கம் கீழ இருக்குறதை முதல்லன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே மணப்பொண்ணு குரல் கேக்குது, "விடுடி, கையில புடிச்சுக்கிட்டே ஆடிக்கிறேன்."