“யோசிக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போகாமல்

[திரையில்: மழை விட்ட காலை. வயல் முழுக்கத் தண்ணீர், வரம்பு தெரியவில்லை.]

வணக்கம். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, விடியும்போது வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாத நிலை. எங்கள் ஊரில் ஒரு அண்ணன், காலபோக நெல்லுக்குக் கடன் எடுத்து விதைத்தவர், வீட்டுத் திண்ணையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். நாங்கள் கோயிலில் இருந்து ஏழெட்டுப் பேர் போனோம். எல்லாரும் சொன்னது ஒரே வசனம்தான்: “யோசிக்காதேங்கோ, ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்.” அவரும் தலையை ஆட்டினார், ஆனால் நிமிரவில்லை.

கடைசியாக வந்த ஒரு வயதான அம்மா அவருக்குப் பக்கத்தில் திண்ணையிலேயே இருந்து சொன்னா: “தம்பி, அண்டைக்கு ராத்திரி முழுக்க நீ வரம்பு கட்டிக்கொண்டு திரிஞ்சதை நான் பாத்தனான். உன்ர ரோச் லைற் வெளிச்சம் எங்கட முத்தம்வரை தெரிஞ்சது. நீ சும்மா விடேல்லை.” அப்போதுதான் அந்த மனிதர் நிமிர்ந்தார், அப்போதுதான் அழவும் செய்தார்.

இந்த வீடியோ அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றியது. கிறிஸ்தவர்கள் நாங்கள் “ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்று கோயிலில் எத்தனையோ தரம் வாசிக்கிறோம். தேற்றுவது என்றால் என்ன செய்வது என்று எங்களுக்குள் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

[திரையில்: பழைய பைபிள் ஒன்றின் பக்கம்.]

முதலில் அந்தச் சொல். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது, அதில் வருகிற வினைச்சொல் “பராகலேயோ”. “பாரா” என்றால் பக்கத்தில், “கலேயோ” என்றால் கூப்பிடுவது. பக்கத்தில் வரக் கூப்பிடுவது என்பதுதான் அதன் அடி. புதிய ஏற்பாட்டில் நூறு தடவைக்கு மேல் வருகிற சொல் இது, தமிழில் இடத்துக்கு இடம் தேற்று, ஆறுதல் சொல், புத்தி சொல், வேண்டிக்கொள் என்று மாறி வருவதால் எல்லாம் ஒரே சொல் என்று எங்களுக்குத் தெரிவதில்லை. யோவான் நற்செய்தியில் தூய ஆவிக்கு இயேசு கொடுக்கிற பெயரும் இதே வேரில் இருந்து வந்ததுதான். பழைய மொழிபெயர்ப்பு அதைத் “தேற்றரவாளன்” என்கிறது, கத்தோலிக்கத் திருவிவிலியம் “துணையாளர்” என்கிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஏனென்றால் இரண்டையும் சேர்த்தால்தான் அந்தக் கிரேக்கச் சொல் முழுதாக வருகிறது, துணைக்கு வந்து பக்கத்தில் இருக்கிறவர்தான் தேற்றுகிறவர். அந்த அம்மா திண்ணையில் ஏறி இருந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய கி.பி. 50, 51 அளவில் எழுதப்பட்டது, அவருடைய கடிதங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தச் சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் கலங்கிப்போய் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் 5ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று எழுதுகிறார். அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது, “நீங்கள் செய்துவருகிறபடியே” என்று. நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள், எனக்குத் தெரியும், தொடர்ந்து செய்யுங்கள் என்கிறார். தேற்றச் சொல்கிற வசனத்துக்குள்ளேயே அவர்களைத் தேற்றியும் விடுகிறார்!

சரி, இதைவிட நல்ல உதாரணம் ரோமர் 16. பெயர்ப் பட்டியல் என்று நாங்கள் எல்லாரும் தாண்டிப் போகிற அதிகாரம். பவுல் அந்த நேரம் ரோமுக்குப் போயிருக்கவே இல்லை, ஆனால் அங்கே இருக்கிற இருபத்தைந்து பேர் அளவில் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். வெறும் பெயரோடு விடுவதும் உண்டு, ஆனால் பலருக்கு அவர் கண்ட ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் என் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள். மரியாள் மிகவும் பாடுபட்டவள். ரூப் என்பவருடைய தாய் எனக்கும் தாய். அந்தத் தாயின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, ஆனால் எங்கோ ஒரு ஊரில் அவ பவுலுக்குச் சாப்பாடு போட்டிருப்பா, காய்ச்சல் வந்தபோது பார்த்திருப்பா என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்தக் கடிதம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது அவ அங்கே இருந்து கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

எங்கள் ஊர்க் கோயில்களில் இப்படிப் பேசுவது குறைவு. செத்தவீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்து நல்லவர் வல்லவர் என்கிறோம். அந்த ஆள் உயிரோடு இருக்கும்போது, ஞாயிறு பூசை முடிந்து சைக்கிள் எடுக்கிற இடத்தில், “நீங்கள் பீடத்துக்குப் பூக் கட்டுற விதம் எனக்கு நல்ல விருப்பம்” என்று சொல்ல வாய் வருவதில்லை. புகழ்ந்தால் தலைக்கனம் வந்துவிடும், கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். நான் அதை ஏற்கமாட்டேன். நடக்காததைச் சொல்லிப் பெருப்பிப்பது முகஸ்துதி. நடந்ததைச் சொல்வது சாட்சி.

[திரையில்: ஏ9 வீதியோரக் கடை ஒன்று.]

இனி பர்னபா. சைப்பிரஸ் தீவுக்காரர், லேவியர், உண்மைப் பெயர் யோசேப்பு. “ஆறுதலின் மகன்” என்ற பொருளில் பர்னபா என்ற பெயரை அப்போஸ்தலர்கள்தான் வைத்தார்கள். அப்போஸ்தலர் பணி 9இல், அதுவரை கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுல், பிறகு பவுல் என்று நாங்கள் அறிகிறவர், மனம் மாறி எருசலேமுக்கு வருகிறார், யாரும் நம்பவில்லை, எல்லாருக்கும் பயம். பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்களிடம் பேசுகிறார். இந்த இடத்தில் பர்னபா சவுலிடம் சொன்ன ஆறுதல் எதுவும் எழுதப்படவில்லை. எழுதியிருப்பதெல்லாம் சவுலைப் பற்றி அவர் மற்றவர்களிடம் சொன்னதுதான்.

வன்னியில் இது எங்களுக்கு உறைக்க வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு, முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்த எத்தனையோ பேரோடு கதைக்கவே சனம் பயந்தது, கதைத்தால் எங்களையும் விசாரிப்பார்களோ என்று. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வந்த ஒருவருக்காகக் கடை முதலாளியிடம் போய் “அவனை எனக்குச் சின்னனில இருந்து தெரியும், வேலை குடுங்கோ” என்று சொன்ன ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் அந்தப் பையனிடம் பெரிதாக ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள், ஆனால் பர்னபா செய்ததைத்தான் செய்தார்கள்.

மாற்கு விஷயமும் அப்படித்தான். பயணத்தின் நடுவில் விட்டுப்போன பையனைத் திரும்பக் கூட்டிப்போக முடியாது என்று பவுல் நின்றார், பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பல் ஏறினார். சொந்தக்காரன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பிறகு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோசனமானவன் என்று வருகிறது. ஓ/எல் சோதனை சரிவராமல் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் இந்த இரண்டு இடத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

எதைச் சொல்லக் கூடாது என்றும் வேதாகமம் பேசுகிறது. துக்கத்தில் இருக்கிறவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் உடுப்பைக் கழற்றுவது மாதிரி என்று நீதிமொழிகள் 25 சொல்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட இருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் தேதி போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் மாதிரி மகனைத் தேடுகிற ஒரு அம்மாவிடம் நான் ஒருநாள் “கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும் அம்மா” என்று சொன்னேன். அவ ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போயிட்டா. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன். அடுத்த தரம் போனபோது உங்கட மகனுக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று கேட்டேன். ஒன்றரை மணித்தியாலம் கதைத்தா. மீன் குழம்பில் தொடங்கி, அவன் மரத்தில் ஏறி விழுந்தது, பள்ளிக்கூடம் கட் பண்ணியது எல்லாம். நான் சொன்ன நல்ல வார்த்தை என்று அதில் ஒன்றுமே இல்லை, கேட்ட ஒரு கேள்வி மட்டும்தான்.

இனிய சொற்கள் தேன்கூடு போல ஆத்துமாவுக்கு இனிப்பும் எலும்புகளுக்கு மருந்தும் என்று நீதிமொழிகள் 16:24. காட்டுத்தேன் எடுக்கிற ஊர் எங்களது, தேனை மருந்தாகவும் வைத்திருக்கிறோம், அதனால் முதல் பாதி சுகமாக விளங்கும். உடம்புக்குள் இன்னும் போரில் பட்ட செல் துண்டோடு, மழைக்காலத்தில் எலும்பு நோக நடக்கிற மனிதர்கள் இருக்கிற ஊரில் இரண்டாம் பாதியை வாசிக்கும்போது எனக்குக் குரல் இறங்கிவிடும்.

இப்படித் தேற்றுவதற்கு எபிரேயர் 3:13 வைக்கிற கணக்கு “நாடோறும்”. கிழமைக்கு ஒன்று, பெருநாளுக்கு ஒன்று இல்லை. இன்றைக்கு வீட்டில் இருந்து தொடங்கலாம், கூப்பன் கடை வரிசையில் தொடங்கலாம், வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடலாம். நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்.

[திரையில்: இருட்டில் வயல் வரம்பு. தூரத்தில் ஒரு ரோச் வெளிச்சம்.]

திண்ணையில் இருந்த அந்த அம்மா பிறகு தவறிட்டா. செத்தவீட்டன்று அந்த வயல்கார அண்ணன் பந்தல் போடுவதில் இருந்து கதிரை அடுக்குவதுவரை நின்றார். பின்னேரம் அவவின் மூத்த மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்து சொன்னார்: “எல்லாரும் என்ர வயலைத்தான் பாத்தவை, பிள்ளை. உங்கட அம்மா என்ர ரோச் லைற்றைப் பாத்தவா.”