ஓடமும் வண்டியும்: மன்னார்குடியில் நூலகர் நாள் உரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தாளாளர் ஐயா அவர்களே, ஒரு கல்யாணப் பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர்களே, வர்த்தக சங்கத்துப் பெரியவர்களே, பொன்னாடை போர்த்திய கல்லூரி நூலகர் அம்மா அவர்களே, மேடைக்குக் கீழே அமர்ந்திருந்தாலும் மேடையில் இருக்க வேண்டிய என் நண்பர்கள் வாசகர் வட்டத்தாரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும். எழுதி வந்த சீட்டு பொன்னாடைக்குள் போய்விட்டது.

அழைப்பிதழில் என் தலைப்பு 'கலையா, அறிவியலா?' என்றிருக்கிறது. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, வேலைக்குப் பயந்து பாடம் மாற்றுவது. இரண்டு, ப்ளஸ் டூவில் எடுத்த குரூப் நம்மை எதுவரை துரத்துகிறது என்பது. மூன்று, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள இருபது விழுக்காடு ஒதுக்கீடு.

முதல் செய்திக்கு வருகிறேன். ஆகஸ்டு பிறந்தால் எங்கள் ஊரில் ஒரு காட்சி. பி.ஏ. வரலாறு சேர்ந்து மூன்று வாரம் ஆன பிள்ளை வந்து நிற்கும். "ஐயா, மாமா திட்டுறாரு. வரலாறு படிச்சா எவன் வேலை தருவான்னு கேக்குறாரு. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு சீட்டு காலியா இருக்காம், மாத்திக்கவா?" நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: "அந்தப் படிப்போட ரெண்டாம் வருசப் புத்தகத்தைத் தொட்டுப் பாத்திருக்கியா?" இதுவரை ஒருவரும் ஆமாம் என்று சொன்னதில்லை. அது சரி, வரலாற்றுப் புத்தகத்தையும் பார்த்துவிட்டா சேர்ந்தார்கள்?

பெரியவர்கள் சொல்வார்கள்: ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும். மெக்கானிக்கல், சிவில் சீட்டுக்கு அடித்துக்கொண்ட காலத்தை இங்கே நரைத்த தலைகள் பார்த்திருக்கின்றன. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 2001-இல் அதுவும் ஒரு அடி வாங்கியது, மறுபடி எழுந்தது. இன்னொரு வேடிக்கை. தமிழை விட்டு ஓடி பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? குரூப் ஃபோர் கோச்சிங் சென்டரில், ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு! தேர்வில் இருநூறு கேள்விகளில் நூறு தமிழ். அதில் நாற்பது விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வண்டி ஓடத்தில் ஏறிவிட்டது, பார்த்தீர்களா?

சம்பளத்துக்காகத் துறை மாறுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், யாருடைய பிறந்தநாளை நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோமோ அந்த நாயகரே கோபித்துக்கொள்வார்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை. சம்பளம் போதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் கூடுதல் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். நூலகம் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை எடுத்து, 'நூலகம்' என்ற கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். (கைதட்டாதீர்கள், நாளைக்கு நீங்களும் அதையே செய்வீர்கள்.) வேலை கிடைத்துவிட்டது, 1924 ஜனவரியில்.

போய் உட்கார்ந்தால் ஈ காக்கை இல்லை! நேற்றுவரை வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இருந்த மனிதர். புத்தகமும் பூச்சியும் துணை. சில நாளிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடினார்: "என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கே சொல்லித் தருகிறேன்." அந்த முதல்வர் விவரமானவர். "உன்னை லண்டனுக்கு அனுப்பப் போகிறார்கள். போய்ப் படித்துவிட்டு வா. அப்போதும் பிடிக்கவில்லையென்றால் உன் இடம் உனக்கு" என்றார்.

லண்டனில் படித்துக்கொண்டே, பிரிட்டன் முழுக்க நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை ஏறி இறங்கினார். உழைக்கும் ஜனங்களும் குழந்தைகளும் வந்து போகிற நூலகத்தைக் கண்ணால் கண்டார். ஒரு கடையில் மெக்கானோ பொம்மை: சில பட்டைகள், திருகுகள், அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புது உருவம். நூல்களையும் இப்படிப் பகுக்கலாமே என்று கணக்கு மூளைக்குப் பொறி தட்டியது. அதுதான் 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. திரும்பி வந்தவர் கல்லூரி முதல்வரைத் தேடிப் போகவில்லை. 1944 வரை அந்த நூலகத்தை விட்டு அசையவும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன்? அவருக்கு இரண்டு கிடைத்தன. நேரில் பார்த்து முடிவெடுக்க அவகாசம்; திரும்பி வர ஒரு கதவு. உங்களுக்கு இரண்டும் இல்லை. வரலாற்றை விட்டுப் போனால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். கதவு சாத்தியாயிற்று. ஆகவே மாறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். எங்கே போய்ப் பார்ப்பது? மாமாவிடமா? மாமா பார்த்தது வாட்ஸ்அப்.

நூலகத்தில் பார்க்க வேண்டும். 1931-இல் இந்த மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோனார்கள். 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் போட்டது சென்னை மாகாணம், ரங்கநாதன் பாடுபட்டதன் பலன். நீங்கள் நூறு ரூபாய் சொத்து வரி கட்டினால் கூடவே பத்து ரூபாய் நூலக வரி கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இலும் மதுரையில் 2023-இலும் மாளிகை மாதிரி நூலகம் திறந்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் கல்லூரி முடிந்து பஸ் பிடித்து எங்கள் ஊர்ப் பிள்ளை வந்து இறங்கும்போது கிளை நூலகத்தில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே இருப்பதும் போட்டித் தேர்வு வழிகாட்டிதான். ஒரு பட்டப்படிப்புப் பாடநூல் கிடையாது. அன்று வண்டியில் ஏறி வந்த நூலகம் இன்று ஓடம் மாதிரி கரையில் கட்டிக் கிடக்கிறது.

இரண்டாவது செய்தி, குரூப். ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காதவருக்கு இயற்பியல் கதவு திறக்காது. கணக்கும் அறிவியலும் எடுத்தவருக்குத் தமிழும் வரலாறும் எப்போதும் திறந்தே இருக்கும். பதினைந்து வயதில் எடுத்த முடிவு, அதுவும் பாதி வீட்டில் அப்பா எடுத்த முடிவு. இதைப் பேராசிரியர்கள் என்னைவிட விரிவாகச் சொல்வார்கள். மூன்றாவது செய்திக்குள் போகலாம் என்றால் செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். நகர்மன்றத் தலைவர் அவர்களும் பந்திக்குத் திரும்ப வேண்டும்.

தலைவர் அவர்கள் போவதற்கு முன் ஒன்று. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு வாசகர் வட்டம் ஒரு மனு எழுதியிருக்கிறது. கிளை நூலகங்களை இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். ஒவ்வொரு பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தையும் பாடநூலில் ஒரு படியையும் வாங்கி வையுங்கள். அவ்வளவுதான். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் இங்கேயே போட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பேனா கொண்டு வாருங்கள். சென்ற கூட்டத்தில் வைத்த பேனா இன்னும் திரும்பவில்லை. நன்றி, வணக்கம்.