ஆறு நாளும் பரிணாமமும் ஒத்துப்போகும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கடவுள் ஆறு நாளில் படைத்தார் என்பதும் பரிணாமமும் ஒத்துப்போகும் என்பது எங்கள் கட்சி. அதை மறுத்து எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்வதால் படைப்பின் ஒவ்வொரு நாளும் 24 மணி நேர நாள்தான் என்பது ஒன்று. ஆதாமின் பாவத்தால்தான் மரணம் வந்தது என்று பவுலின் ரோமர் நிருபம் 5:12 சொல்ல, அவனுக்கு முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் செத்து மடிந்தன என்று எப்படி ஏற்பது என்பது மற்றொன்று.

வேதத்தையே திறப்போம். சூரியன் உண்டானது நான்காம் நாள். அதற்குள் மூன்று சாயங்காலம் கடந்துவிட்டதே, எது அஸ்தமித்தது? டார்வினுக்குப் பயந்து கேட்கும் கேள்வியல்ல இது. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஷப் அகுஸ்தீன், கடவுள் அனைத்தையும் ஒருசேரப் படைத்தார், உயிர்கள் வித்தாக மறைந்திருந்து காலம் வந்தபோது வெளிப்பட்டன என்று எழுதினார். அவரைப் பரிணாமவாதி என்று நான் சொல்லவில்லை. ஆறு நாளை அவர் நாள்காட்டியாக வாசிக்கவில்லை, அவ்வளவே. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநில டேட்டனில், பரிணாமத்தைக் கற்பித்த ஆசிரியருக்கு எதிராக வழக்காடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, சாட்சியாக ஏறியபோது அந்த நாட்கள் 24 மணி நேரமாக இருக்கத் தேவையில்லை என்றுதான் சொன்னார்.

இன்னொன்றும் பாருங்கள். "பூமியானது பிறப்பிக்கக்கடவது" என்கிறது ஆதியாகமம் 1:24. கட்டளை பூமிக்கு! மண்ணே உயிரைப் பிறப்பிக்கும்படி கடவுள் ஏவுகிறார் என்றால், அந்தப் பிறப்பு எப்படி நடந்தது என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பது அவிசுவாசமா?

தோண்டிப் பார்த்தவர்கள் கண்டதைக் கேளுங்கள். மரபுப் பொருளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. பொது மூதாதை உண்மையானால், நம்மிடம் இரண்டு ஜோடிகள் ஒட்டி ஒன்றான தடயம் இருக்க வேண்டும். நம் இரண்டாம் குரோமோசோமில் அது இருக்கிறது. வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மூடிபோல இருக்கும் டெலோமியர் வரிசை அங்கே நடுவில் கிடக்கிறது, அதுவும் நுனியோடு நுனி மோதியதுபோல எதிரெதிர்த் திசையில். 1991இல் இது வெளியானது. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இடுப்புப் பகுதி சென்ட்ரோமியர்; செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் அதே குரோமோசோமில் உண்டு. "ஒரே சிற்பி, அதனால் ஒரே சாயல்" என்பார்கள். உறுப்புகளின் ஒற்றுமைக்கு அது பொருந்தலாம். ஒட்டுப்போட்ட தழும்புக்கு எப்படிப் பொருந்தும்?

இனி மரணம். எதிரணியின் வலுவான வாதம் இதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரோமர் 5:12 "எல்லா மனுஷருக்கும்" வந்த மரணத்தைப் பேசுகிறது. விலங்குகளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. மனிதனுக்கும் அது வெறும் உடல் மரணமா? விலக்கப்பட்ட கனியைப் புசிக்கும் நாளில் சாவாய் என்று ஆதியாகமம் 2:17இல் எச்சரிக்கை. புசித்த ஆதாமோ, 5:5இன்படி, 930 வயதுவரை வாழ்ந்தான். தவிர, என்றைக்கும் உயிரோடிருக்க அவனுக்கு ஜீவவிருட்சத்தின் கனி வேண்டும் என்கிறது 3:22. இயல்பிலேயே சாகாதவனுக்கு அந்தக் கனி எதற்கு?

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் அந்த 930 ஆண்டுகளுக்கு முதலில் விடை சொல்லட்டும். பிறகு ரோமருக்கு வரட்டும்.