கரண்டியைச் சற்றே சாய்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்காத பெற்றோர் இல்லை. எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. குழந்தைகளின் ஊட்டச்சத்துத் துறையில் பணியாற்றும் எனக்கு இரண்டாவது கேள்வியே பெரிதாகப் படுவதால், இன்றைய உரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவில் இருந்தபோது குழந்தை சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஏறத்தாழ இந்த வயதில் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் உள்ள சிறிதளவு இரும்பு அதை ஈடுகட்டப் போதாது. ஆகவேதான் மசித்த பருப்பு, முட்டை, இறைச்சி போன்றவற்றைத் தொடக்கத்திலேயே சேர்க்கச் சொல்கிறோம்.

இனிப் பதத்துக்கு வருகிறேன். 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி கிடைக்க வேண்டும். அதன் இரைப்பையோ ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். எட்டுக் கிலோக் குழந்தை என்றால் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம், அவ்வளவே. அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் மிகுந்திருந்தால் வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. வயிறு நிரம்பிய குழந்தை தாய்ப்பாலையும் குறைத்துக்கொள்ளும்.

ஒரு தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. எட்டு மாதக் குழந்தை மூன்று வேளையும் கிண்ணத்தை மிச்சமின்றிக் காலி செய்கிறது, எடை மட்டும் ஏறவில்லை என்று கவலையோடு வந்திருந்தார். கையோடு கொண்டுவந்திருந்த கூழைக் கரண்டியில் எடுத்துச் சாய்க்கச் சொன்னேன். விளிம்பைத் தொட்டதும் அது பாலைப்போல் ஒழுகி ஓடியது. "கெட்டியாக இருந்தால் தொண்டையில் சிக்கிவிடுமே அம்மா, அதனால்தான் வெந்நீர் விட்டுக் கரைக்கிறேன்" என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. தானிய மாவு வேகும்போது நீரை இழுத்துக் கெட்டியாகிறது, ஆறும்போது மேலும் இறுகுகிறது, இறுகியதைக் கண்டு நாம் மறுபடியும் நீர் விடுகிறோம். முடிவில் மாவு சொற்பம், நீர் மிகுதி. தண்ணீருக்குப் பதிலாக ஒரு சிறு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் கூழ் இளகும், கலோரியும் கூடும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, எடை அட்டையில் படுத்துக் கிடந்த கோடு மேல்நோக்கித் திரும்பியிருந்தது. நினைவில் வையுங்கள்: கரண்டியைச் சாய்த்தால் உணவு ஒழுகாமல் நின்று, மெல்ல வழுக்கி விழ வேண்டும்.

நாக்கால் வெளியே தள்ளிவிட்டால் குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புதிய சுவை பழகுவதற்கு எட்டு முதல் பத்து முறைகூட ஆகலாம். சில நாள் இடைவெளி விட்டு அதையே மீண்டும் கொடுத்துப் பாருங்கள். ஆனால் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று பொருள். அங்கே நிறுத்திவிட வேண்டும். வேடிக்கை காட்டி வாய்க்குள் திணிப்பது எனக்கு உடன்பாடில்லை.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருவதால், மீதியை வேகமாகச் சொல்கிறேன். ஒரு வயது நிறையும்வரை தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம், சமைக்கும் சூட்டில் அவை அழிவதுமில்லை. உப்பும் சர்க்கரையும் வேண்டாம். முழுக் கடலை, முழுத் திராட்சை போன்றவை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். ஒவ்வாமைக்கு அஞ்சி முட்டையையும் நிலக்கடலையையும் தள்ளிப்போடத் தேவையில்லை. நிலக்கடலையை முதல் ஆண்டிலேயே பழக்கினால் அதற்கான ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதை நன்றாக அரைத்து, உணவில் குழைத்துக் கொடுக்க வேண்டும். கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தையாக இருந்தால், மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள். வணக்கம்.