இயற்கை அரிசி ஏன் இவ்வளவு விலை? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணக்கம் மக்களே. மலேசியாவில் உள்ளூர் வெள்ளை அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை கிலோ 2 வெள்ளி 60 சென். அதே கடையில் இயற்கை அரிசி பத்து வெள்ளியைத் தாண்டும். "உரம் இல்லை, மருந்து இல்லை, அப்புறம் எதற்கு இந்த விலை?" என்று பினாங்கில் நிறைய பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் உரம். நம் நாட்டில் நெல் விவசாயிக்கு உரத்தை அரசாங்கமே மானியமாகத் தருகிறது, அதனால் யூரியாவை விட்டாலும் அவர் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

அடுத்து விளைச்சல். 2025இல் நெல்லுக்குக் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 1,500 வெள்ளி ஆனது. ஒரு ஹெக்டரில் 5 டன் என்று வைத்தால் வரவு 7,500. இயற்கை முறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 4 டன் வந்தால், அதே வரவுக்கு டன்னுக்கு 1,875 வேண்டும். நெல்லை அரைத்தால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் அரிசி தேறும், அப்படிப் பார்த்தாலும் கிலோவுக்கு 60 சென்கூட ஏறவில்லை.

சரி, மீதிப் பணம் எங்கே போகிறது?

(காட்சி: செபராங் பிறை வயல், நெற்பயிர் நெருக்கமாக)

பெரும்பகுதி களைக்குத்தான். இங்கே பெரும்பாலும் நேரடி விதைப்பு, களைக்கு மருந்து. மருந்து வேண்டாமென்றால் நாற்று நட்டு, தண்ணீர் தேக்கி, ஆள் இறங்கிப் பிடுங்க வேண்டும். அதிலும் பாடி ஆஙின் இருக்கிறதே, அந்தக் களைநெல் இளசாக இருக்கும்போது அசல் நெல் மாதிரியே இருக்கும், தெரியவரும் நேரத்தில் லேசாகத் தொட்டாலே மணி உதிர்ந்து அடுத்த போகத்துக்கு மண்ணில் தங்கிவிடும். கூலியோ ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், அதற்கு மானியம் கிடையாது.

பக்கத்து வயலின் மருந்துத் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வருவதால் ஓரமாகக் கொஞ்சம் நிலத்தையும் ஒதுக்க வேண்டும். சாதா நெல்லோடு கலக்காமல் தனியாகக் காயவைத்து, ஆலையைச் சுத்தம் செய்து அரைக்க வேண்டும். நெல் கொஞ்சம்தான் என்பதால் செலவெல்லாம் அந்தச் சில மூட்டைகள் தலையில் விழும். அப்புறம் சான்றிதழ், பாக்கெட், கடைக்காரர் லாபம்.

என் மனதை உறுத்துவது, சாதா முறையிலிருந்து இயற்கை முறைக்கு மாறும் காலம்தான். விளைச்சல் உடனே இறங்கிவிடும், சான்றிதழ் கைக்கு வரும் வரை சாதா விலைதான் கிடைக்கும். கடன் வாங்கி ஓட்டுபவர் அதைத் தாங்க மாட்டார். உர மானியம் வேண்டாம் என்று வருபவருக்கு, அதே தொகையைக் களைக்கூலியாகவாவது அரசாங்கம் கொடுக்கலாமே!