முந்நூறு ரூவா ஜிப் டிரைவ்

வணக்கங்க. நான் சொல்லப்போற சாமான கையில கொண்டாந்திருக்கேன், ரேடியோல காட்ட முடியாது, அதனால சொல்றேன் கேளுங்க. ஊதா கலர்ல ஒரு டப்பா, ரெண்டு சோப்பு டப்பாவ ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும், முன்னாடி ஒரு வாய். ஜிப் டிரைவ். கம்ப்யூட்டர் ஃபைல டிஸ்க்குல எழுதி வெக்கற பெட்டி, 1995 வாக்குல ஐயோமேகான்னு ஒரு அமெரிக்க கம்பெனி விட்டது. அப்ப ஃபைல் கொண்டு போக நமக்கெல்லாம் ப்ளாப்பி டிஸ்க்கு தானே, ஒண்ணுல 1.44 எம்பி தான் புடிக்கும், இதுல ஒரு டிஸ்க்குல 100 எம்பி, அதாவது எழுவது ப்ளாப்பி ஒரே வில்லையில.

பென்னாகரம் ரோட்டுல கம்ப்யூட்டர்ல பத்திரிக்கை அடிச்சுக் குடுக்கற டிடிபி கடை வெச்சிருந்த அண்ணன் ஒருத்தர் கடைய காலி பண்ணும்போது இது மேசைக்கு அடியில கெடந்தது. ஐநூறு கேட்டார், முந்நூறுக்கு முடிஞ்சது, நாலு டிஸ்க்கு சேத்து. ஓடுமாண்ணேன்னு கேட்டா, கடைசியா ஓடும்போது ஓடுச்சுப்பாங்கறார். இதுக்கு மேல என்ன கியாரண்டி வேணும்!

அடாப்டர் காணோம். பின்னாடி 5 வோல்ட் 1 ஆம்பியர்னு போட்டிருந்தது, அட இது நம்ம பழைய செல்போன் சார்ஜர் அளவு தானேன்னு ஒரு சார்ஜர் வயர வெட்டி, மல்டிமீட்டர் வெச்சு பிளஸ் மைனஸ் ரெண்டு தரம் பாத்து பின்ன மாட்டினேன், பச்சை லைட்டு வந்துருச்சு. அடுத்தது கேபிள். அது பழைய பிரிண்டர் சொருகற 25 பின் போர்ட்டு, இப்ப லேப்டாப்புல ஏது அது? ஒரு கடையில யூஎஸ்பிலருந்து பேரலல், அதாவது அந்த 25 பின் போர்ட்டுக்கு போற வயர் வாங்கினேன், சுத்தமா வேலைக்கு ஆகல. அந்த வயருக்கு பிரிண்டர் பாஷை மட்டும் தாங்க தெரியும், ஜிப் டிரைவ் அதே துளையில வேற பேச்சு பேசுது. போனது போனதுதான். அப்புறம் பரண்ல கெடந்த பென்டியம் 4 பெட்டிய எறக்கி, தூசி தட்டி, லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன்.

டிஸ்க்க உள்ள தள்றதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குது, பழசு வாங்கறவங்க இத மட்டும் விட்றாதீங்க. டிஸ்க்கோட தகர மூடிய வெரல்ல நகத்தி உள்ள டார்ச் அடிச்சு, அந்த பழுப்பு தகட்டோட ஓரத்த சுத்தி சுத்தி பாக்கணும். ஓரம் கிழிஞ்சிருந்தா அது டிரைவோட ஹெட்ட, அதாவது தகட்ட படிக்கற முனைய, கெடுத்துரும், கெட்ட ஹெட்டு அடுத்த நல்ல டிஸ்க்க கிழிக்கும், அந்த டிஸ்க்கு இன்னொரு டிரைவ கெடுக்கும், அம்மை மாதிரி பரவும். நிமிஷத்துக்கு மூவாயிரத்துக்கு கொஞ்சம் கம்மியா சுத்தற தகடு, கொஞ்சம் பிசிறுனா போதும். டக் டக் டக்னு சத்தம் வந்தா உடனே நிறுத்திருங்க. என் நாலுல ஒண்ணு ஓரத்துல நெளிஞ்சிருந்தது, அத ஓரமா எடுத்து வெச்சுட்டேன்.

இந்த டப்பாவ லினக்ஸுக்கு புரிய வெக்க பிபிஏன்னு ஒரு டிரைவர் சாஃப்ட்வேர் போட்டேன், இல்லைங்குது. அது பழைய மாடலுக்காம், பிந்தி வந்ததுக்கு ஐஎம்எம்னு இன்னொண்ணு. அத போட்டதும் உள்ள ஒரு கிர்ர்ர்... டொக்... அப்புறம் ஊஊஊன்னு சீரா ஒரு சுத்து. ராத்திரி பதினொன்றரை மணி, வூட்டுல என்ன அடுப்புல ஏதாச்சும் வெச்சிருக்கியான்னு கேட்டாங்க.

மவுண்ட் ஆகல, அதாவது டிஸ்க்கு தெறக்கல. டிஸ்க்கோட மொத பாகத்துக்கு லினக்ஸ்ல பேரு எஸ்டிபி1, அதையே எஸ்டிபி1, எஸ்டிபி1னு அரை மணி நேரம் அடிச்சிருக்கேன். ஜிப் டிஸ்க்குல பார்ட்டிஷன், அதாவது ஃபைல் இருக்கற பாகம், நாலாவது எடத்துல தான் இருக்கும், ஒண்ணு ரெண்டு மூணு காலி, எஸ்டிபி4ன்னு அடிக்கணும். யாருக்கு தோணும்? தோணி அடிச்சதும் தெறந்துருச்சு. நாப்பது எம்பி காப்பி ஆக மூணு நிமிஷத்துக்கு மேல, நான் டீ போட்டு குடிச்சுட்டு வந்தேன்.

உள்ள பூரா பேஜ்மேக்கர் ஃபைல், பத்திரிக்கை பக்கம் அமைக்கற பழைய சாஃப்ட்வேர் அது. பென்டிரைவ்ல போட்டு அண்ணன் வூட்டுக்கே எடுத்துட்டு போனேன், அவர்கிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் ஒண்ணு இன்னும் உசுரோட இருக்குது. தெறந்தா கல்யாண பத்திரிக்கை, பிள்ளையார் படம் மட்டும் ஜம்முனு இருக்கு, கீழ எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியும். ஃபாண்ட் இல்ல. 1999ல சென்னைல தமிழ் இணைய மாநாடு நடந்து டாம், டாப்னு தமிழ் ஃபாண்டுக்கெல்லாம் ஒரு பொது முறைய அரசாங்கம் சொன்னாலும் கடைக்காரங்க ஆளாளுக்கு கையில இருந்த ஃபாண்ட்ல தானே அடிச்சாங்க. அண்ணன் ஒரு அட்டப்பெட்டிய கொட்டி, கீறல் விழுந்த சிடி ஒண்ண தேடி எடுத்து ஃபாண்ட்ட போட்டாரு. எழுத்து ஒவ்வொண்ணா தமிழா மாறுது, 2001 ஆவணி மாச முகூர்த்தம், பாலக்கோடு பக்கம் மாப்ள வூடு.

அண்ணன் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "அட, இவுங்களா! இந்த பத்திரிக்கைக்கு இன்னும் முந்நூத்தம்பது ரூவா பாக்கி வரணும்பா"ன்னாரு.