நெய் சிந்தினால் போகட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ராஜஸ்தான் போய்வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, கோட்டை, அரண்மனை, ஒட்டகம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் வந்து நிற்கிறது. பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் கண்மாய்க் கரையிலும் மதகடியிலும் நின்றவன் நான். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். அந்தக் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியவில்லை.

முதலில் போகிற வழி. மன்னார்குடியிலிருந்து வாரம் ஒரு ரயில் ஜோத்பூருக்கு நேராகப் போகிறது. ஊருக்கு ஓரமாக உள்ள பகத் கி கோட்டி நிலையத்தில் இறக்கிவிடும். காவிரிப் பாசனத்தில் ஏறி, பாலைவனத்தின் வாசலில் இறங்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். பாலைவனம்தானே என்று கம்பளி எடுக்காமல் போனால் ராத்திரியில் பல் தந்தியடிக்கும். எனக்கு அடித்தது.

ஜோத்பூரில் எங்கே நின்றாலும் மெஹ்ரான்கட் கோட்டை கண்ணில் படும். 1459-இல் ராவ் ஜோதா தொடங்கிய கோட்டை. ஊருக்கு மேலே நானூறு அடி உயரத்தில் பாறையோடு பாறையாக எழும்பி நிற்கிறது. மேலே போகும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. கதவை முட்ட வரும் யானைக்கு ஓடி வேகமெடுக்க நீளம் கிடைக்கக் கூடாது, அதற்காக. அப்படியும் வந்துவிட்டால் நெற்றியில் குத்தக் கதவில் இரும்பு முட்கள்.

லோஹா போல் என்ற வாசலில் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது வேறொன்று. சுவரில் சின்னச் சின்னக் கை அடையாளங்கள். 1843-இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறப் புறப்பட்ட ராணிகள் பதித்துவிட்டுப் போனவை என்கிறார்கள். செந்தூரம் பூசி, வெள்ளித் தாள் ஒட்டியிருக்கிறார்கள். என் உள்ளங்கையை வைத்துப் பார்க்கக் கை வரவில்லை. அவ்வளவு சின்ன கைகள். வழிகாட்டி அதையும் வீரக் கதையாகவே சொல்லிக்கொண்டு போனார். நான் பதில் பேசவில்லை.

கோட்டைக்கு ஒரு தொடக்கக் கதை உண்டு. அந்தக் குன்றில் பறவைகளுக்கு இரை போட்டுக்கொண்டு ஒரு சாமியார் இருந்தாராம். கோட்டை கட்ட அவரைக் கிளப்பியபோது அவர் விட்ட சாபம் என்ன தெரியுமா? பகைவன் வருவான் என்றில்லை, வம்சம் அழியும் என்றில்லை. இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்பதுதான். அந்தச் சீமையில் இதைவிடப் பெரிய சாபம் அவருக்குத் தோன்றவில்லை. சாபம் தீர ராஜாராம் மேக்வால் என்பவரை அஸ்திவாரத்தில் உயிரோடு புதைத்ததாகவும் சொல்கிறார்கள். கோட்டைக்குள் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. கூட்டம் மேலே ஆயுத அறைக்கும் பல்லக்கு அறைக்கும் ஓடுகிறது. அங்கே ஆள் இல்லை.

கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று ஒன்று. பயணத் திட்டத்தில் பெரும்பாலும் இருக்காது, கேட்டு வாங்கிப் போங்கள். அங்கே பாவ்லியா என்று ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னார்கள். வேறு எதையும் வளரவிடாது, வெட்ட வெட்டத் தழைக்கும் என்றார்கள். படத்தைப் பார்த்தேன். நம்ம சீமைக்கருவேலம்! அங்கேயும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். மன்னர் காலத்தில் விமானத்திலிருந்து விதை தூவியதாகச் சொல்கிறார்கள். 2006-இல் அதை ஒழித்து, பாலைவனத்துச் சொந்தச் செடிகளைக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. மேலே வெட்டினால் பிரயோஜனமில்லை, வேர்க்கட்டையை எடுத்தாக வேண்டும். வேரோ எரிமலைப் பாறைக்குள் இறங்கியிருக்கிறது. கடைசியில் கண்ட்வாலியா என்ற கல்லுடைக்கும் சமூகத்தாரை அழைத்திருக்கிறார்கள். சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் காதால் கேட்டே பாறையில் எங்கே விரிசல் ஓடுகிறது என்று சொல்லும் ஆட்கள். உளியால் சுற்றிலும் செதுக்கி வேரை எடுத்தார்கள். பொக்லைன் வைத்துக் கருவேலம் பிடுங்கிவிட்டு, அடுத்த மழையில் மறுபடியும் அதே இடத்தில் அதே மரத்தைப் பார்த்த எனக்கு, அந்தச் சுத்தியல்காரர்களைக் கும்பிடத் தோன்றியது.

ஊரின் மறுபக்கம் உமைத் பவன் அரண்மனை. 347 அறைகள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததால், சனங்களுக்கு வேலை கொடுக்க 1929-இல் அடிக்கல் நாட்டி 1943 வரை கட்டினார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் பேர் கல் சுமந்திருக்கிறார்கள். ஏரி வெட்டியிருக்கலாமே என்று கேட்கலாம், நானும் கேட்டேன். இப்போது ஒரு பகுதி ஓட்டல், ஒரு பகுதி அருங்காட்சியகம், மீதியில் ராஜ குடும்பம். 1971-இல் மன்னர் மானியம் நின்றபிறகு ராஜஸ்தானில் பல அரண்மனைகளுக்கு இதே வழிதான். அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஜோத்பூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் கேஜர்லி. 1730-இல் மகாராஜா அபய் சிங்கின் ஆட்கள் மரம் வெட்ட இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். அரண்மனை கட்டச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். ஊர் முழுக்க பிஷ்னோய் மக்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவர்கள் குரு ஜாம்போஜி வகுத்த இருபத்தொன்பது விதிகளில் ஒன்று. அவர்கள் பேச்சில் இருபதுக்கு பீஸ், ஒன்பதுக்கு நோய், பெயரே அதுதான். விறகு செலவாகும் என்று செத்தவர்களைக்கூட எரிக்காமல் புதைக்கிறவர்கள். அம்ருதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். வெட்டினார்கள். அவருடைய மூன்று பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். அப்புறம் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆள் வந்தபடி இருந்தார்கள். மொத்தம் 363 பேர். ராஜா காதுக்குச் செய்தி போன பிறகுதான் கோடாரி நின்றது.

அவர்கள் கட்டிக்கொண்டது கேஜ்ரி மரம். நம் ஊரில் அதற்கு வன்னி என்று பெயர். சிவன் கோயில்களில் தல விருட்சமாகச் சுற்றி வருகிறோமே, அதே வன்னி. நமக்கு அது அர்ச்சனைக்கு இலை. அவர்களுக்குச் சோறு. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனுஷனுக்கு. பிஞ்சு வன்னிக்காயைக் காயவைத்து சாங்க்ரி என்று எடுத்து வைக்கிறார்கள். கேர் என்ற முள்செடியின் காயோடு சேர்த்து எண்ணெயில் வதக்கினால் கேர் சாங்க்ரி. வெயில் குடித்த ஒரு புளிப்பு அதில் இருக்கும். கூடவே சோக்ரா என்ற தடித்த கம்பு ரொட்டி, மேலே நெய். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன் எனக்கு அந்தக் கம்பு வாசனையே போதுமாக இருந்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். அதே அபய் சிங்கின் ராணி ஒருவர்தான் ஜோத்பூரில் தூர்ஜி கா ஜாலரா என்ற படிக்கிணற்றைக் கட்டியவர். ராஜாவின் ஆட்கள் மரத்தை வெட்ட, ராணி ஊருக்குத் தண்ணீர் வைத்தார். பல காலம் குப்பையும் சகதியுமாகக் கிடந்ததைத் தூர் வாரியிருக்கிறார்கள். மேல்படியிலிருந்து பையன்கள் டபார் டபார் என்று குதிக்கிறார்கள்.

இப்போது ஜீப் கிராமச் சுற்றுலா என்று ஒன்று நடக்கிறது. காலையில் ஏற்றிக்கொண்டு போய் மான், குயவர், ஜமுக்காளம் நெய்கிறவர், அப்புறம் ஒரு வீட்டில் அபின் கரைத்து உள்ளங்கையில் ஊற்றும் சடங்கு என்று காட்டுகிறார்கள். நான் போன வீட்டில் பெரியவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முன் வந்த ஜீப்புக்குக் காட்டியதை எங்களுக்கும் காட்டினார். எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஜீப் காத்திருந்தது. அபின் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், அந்தப் பெரியவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

நான் மெதுவாக எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். அங்கேதான் நான் தேடிய சாமான் இருந்தது. டாங்கா. தரையோடு தரையாக வட்டமான மழைநீர்த் தொட்டி. சுற்றிலும் முற்றத்தைச் சரிவாக மெழுகி, விழுகிற மழை அத்தனையும் நடுவே ஓடிவந்து, ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிற மாதிரி. மூடியில் பூட்டு! வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, தண்ணீருக்குப் பூட்டு. வீட்டு அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, தகர வாளியை இறக்கி, பாதி வாளி மொண்டார். எனக்கு ஒரு லோட்டா கொடுத்தார். குடித்தது போக மிச்சத்தை நம் வழக்கப்படி தரையில் கொட்டப் போனேன். "அரே பாயிசா!" என்று கையைப் பிடித்துவிட்டார். மிச்சம் ஆட்டுத் தொட்டிக்குப் போனது. பாத்திரத்தை மணல் போட்டே தேய்த்து வைத்தார்.

நெய் சிந்தினால் எனக்கு ஒன்றும் போகாது, தண்ணீர் சிந்தினால் நெஞ்சு எரியும் என்று ஜோத்பூர்ச் சீமையான மார்வாடில் ஒரு பேச்சு உண்டு. ஜீப்பில் ஏறியதும் டிரைவர் சொன்னார். கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, ஜெய்சல்மேருக்கு வருவோம். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத ஊர். சென்னையில் ஒரு புயலுக்கு ஒரே நாளில் கொட்டிவிடும் மழை அது. கோட்டை 1156-இல் ராவல் ஜெய்சல் கட்டியது. மஞ்சள் மணற்கல், 99 கொத்தளங்கள். சாயங்கால வெயிலில் தகதகவென்று இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2013-இல் அறிவித்த ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறில் இதுவும் ஒன்று. இதில் விசேஷம், உள்ளே இன்னும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். வீடு, சமணக் கோயில், டீக்கடை, காயும் துணி எல்லாம் உண்டு.

நானும் உள்ளேயே ஒரு விடுதியில் தங்கினேன். அது நான் செய்த தப்பு. காலையில் இரண்டு வாளி வெந்நீரில் சுகமாகக் குளித்துவிட்டுப் பின்பக்கச் சந்துக்கு வந்தால், குளியலறைக் குழாய் திறந்த சாக்கடையில் விழுகிறது. என் சோப்பு நுரையே போய்க்கொண்டிருந்தது. கூடவே நடந்தேன். பத்தடியில் சாக்கடைக் கல் பிளந்திருந்தது, அதோடு நுரை காணாமல் போனது. எங்கே போயிருக்கும்? கீழேதான். அந்தக் குன்று கருங்கல் இல்லை, களிமண்ணும் மெத்தென்ற பாறையும் அடுக்கடுக்காக அமைந்தது. பல நூறு வருஷம் கீழே கடிசர் குளத்திலிருந்து பெண்கள் குடத்தில் சுமந்த தண்ணீரைத்தான் அந்தக் கோட்டை கண்டது. குழாய் வந்ததும், ஓட்டல் வந்ததும், அஸ்திவாரம் ஊற ஆரம்பித்துவிட்டது. 1990-களில் கொத்தளங்கள் சரிந்தன. ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இதைச் சேர்த்தது. பீரங்கிக்கு நின்ற சுவர் குளியல் தண்ணீருக்கு நிற்கவில்லை. நீங்கள் போனால் கீழே ஊருக்குள் தங்குங்கள், மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

கடைசியாக குல்தரா. ஜெய்சல்மேரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் போல. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலி செய்துவிட்டுப் போன கிராமம். சலீம் சிங் என்ற திவான் ஊர்ப் பெண்மேல் கண் வைத்தான், எண்பத்து நாலு கிராமமும் ஒரே ராத்திரியில் கிளம்பிவிட்டது, போகும்போது சாபம் விட்டுப் போனார்கள், ராத்திரியில் பேய் உலவுகிறது, கதை இப்படி. வரிக் கொடுமையும், கிணறுகள் வற்றியதும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊர் காலியாகியிருக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் அதற்கு டிக்கெட் விற்காது.

அந்த பாலிவால்கள் விட்டுப்போன பெரிய சொத்து கடீன். வெறும் பாறைச் சரிவில் விழுகிற மழை ஓடிவந்து தங்கும் பள்ளத்தில், குறுக்கே ஒரு மண்கரை. மிஞ்சினால் வெளியேறக் கலிங்கு. பார்த்ததும் நம்ம கண்மாய் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. கண்மாயில் தண்ணீரைத் தேக்கி மடை திறந்து வெளியே உள்ள வயலுக்கு விடுகிறோம். கடீனில் கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் உள்வாய்தான் வயல். மழைத் தண்ணீர் தேங்கி நின்று மண்ணுக்குள் இறங்கட்டும் என்று காத்திருந்து, வற்றியதும் அதே சேற்றில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பாய்ச்சுவது கிடையாது. முளைப்பதிலிருந்து அறுப்பு வரை அந்த மண்ணில் தங்கிய ஈரம்தான். பல கடீன்கள் இன்றும் விளைகின்றன.

நான் போனது ஜனவரியில். இடிந்த வீடுகளைப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு, டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கடீனுக்குப் போகச் சொன்னேன். சுற்றிலும் கல்லும் புழுதியும். கரையில் ஏறினால் உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கடலைச் செடி, பச்சென்று. இறங்கிக் குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறினேன். மேலே பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு சாண் போனதும் மண் கறுத்துப் பிசுபிசுவென்று நகக்கண்ணில் ஒட்டியது.

டிரைவர் கரை மேலே நின்றபடி, "என்ன சார், பேய் அங்கே இல்லை, ஊருக்குள் இருக்கிறது" என்றார்.

வணக்கம்.